அங்குலத்துக்கு எத்தனை கண்ணி?

கொல்லிமலை மார்கழிக் குளிருக்காக அம்மாயிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். புத்தகக் கணக்கு: அங்குலத்துக்கு 5½ கண்ணி, மொத்தம் 198 கண்ணி, சுற்றளவு 36 அங்குலம். என் கை தளர்ச்சி, அங்குலத்துக்கு 5 கண்ணிதான் விழுந்தது. வந்தது கிட்டத்தட்ட 40 அங்குலம். அம்மாயியோடு நானும் உள்ளே நுழையலாம்!

இந்தக் கணக்குக்குப் பெயர்தான் 'கேஜ்'. கையில் இருந்த இதை இயந்திரத்துக்கு மாற்றியவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. 1589-ல் அவர் செய்த பின்னல் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 8 ஊசி. கம்பளிக் காலுறைக்குச் சரி, பட்டுக்கு முரடு. பிறகு 20 ஊசி வரை நெருக்கினார். ஆனாலும் இங்கிலாந்தில் காப்புரிமை கிடைக்கவில்லை. பிரான்ஸுக்குப் போய் அங்கேயே இறந்தார், பாவம்.

நம்ம திருப்பூர் பனியன் கம்பெனிகளில் '24 கேஜ்' என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. ஆனால் ஊசி எண்ணிக்கை மட்டும் போதாது. நூலின் பருமன், கண்ணியின் நீளம், துவைத்தபின் சுருக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அளவு. அதனால்தான் இயந்திரம் வந்த பிறகும் சாம்பிள் துணியைத் துவைத்துப் பார்க்கிறார்கள்.

கையால் பின்னுபவர்களுக்கும் அதே வழிதான். முதலில் சின்னச் சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, அளந்து பாருங்கள். கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசி, கூடினால் தடித்த ஊசி. ஒரு மணி நேர வேலை. அதற்குச் சோம்பல்பட்டு முழு ஸ்வெட்டரையும் பிரித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்!