நிலையான நிலவரித் திட்டமும் தென்காசிப் பாளையங்களும்

நிலையான நிலவரித் திட்டம்: பாளையக்காரரை ஜமீன்தாராக மாற்றிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 25ஆம் ரெகுலேஷனால் (கம்பெனிச் சட்டத்தால்) வந்தது. தென்காசி வட்டாரத்தில் சிவகிரி, ஊத்துமலை முதலியவை இதற்கு உட்பட்டன. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாற்றின் கரையில், வீரகேரளம்புதூரில் ஊத்துமலையாரின் அரண்மனை இருந்தது.

பாளையங்கள் மதுரை நாயக்கர் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. பாளையக்காரர் கப்பம் கட்டினார், போருக்கு ஆள் அனுப்பினார், வழக்குத் தீர்த்தார், காவல் பார்த்தார். காவல் இரு வகை: ஓர் ஊரளவில் நின்றது தலக்காவல், பல ஊர்களையும் வழிகளையும் தழுவியது திசைக்காவல். ஊரார் காவலுக்கு நெல்லும் பணமும் அளந்தனர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவது, இல்லையேல் ஈடு கட்டுவது காவலுரிமை பெற்றவரின் கடமை. இந்தக் கொடுக்கல் வாங்கல் முறையே பாளையத்தின் உயிர். கம்பெனி ஆவணங்கள் இதைக் கொள்ளை என்றே எழுதின, அது நியாயமன்று.

கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபின், 1799 அக்டோபரில் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். அடுத்து வந்தது சன்னது, அதாவது ஜமீன் உரிமைப் பத்திரம். அதன்படி, ஜமீன்தார் கட்டும் பேஷ்குஷ் (கப்பத்) தொகை என்றைக்கும் மாறாது; தவணை தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும்; உப்பு, சுங்கம், சாராய வருமானம் சர்க்காருக்கே. குடிகளுக்குப் பட்டா கொடுத்து முச்சலிக்கா (எதிர் ஒப்பந்தம்) வாங்க வேண்டும் என்று 30ஆம் ரெகுலேஷன் கூறியது. போலீசும் நீதியும் ஜமீன்தார் கையைவிட்டுப் போயின.

இந்தத் திட்டத்தின் வேர் ஐரோப்பிய அறிவொளிக் காலச் சிந்தனையில் உள்ளது. நிலமே செல்வத்தின் ஊற்று, உடைமை உறுதியானால் உழவு பெருகும் என்பது பிரெஞ்சுப் பொருளியலாரின் கொள்கை. அதில் தோய்ந்த கம்பெனி அதிகாரி பிலிப் பிரான்சிஸ் 1776இல் வங்காளத்துக்குத் திட்டம் எழுதினார். 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நிலையான வரியை அங்கே சட்டமாக்கினார். ஆனால் தமிழ்நாட்டு நிலத்தில் மேல்வாரம் (வரியாகச் சேரும் விளைச்சல் பங்கு) ஒருவருக்கு, குடிவாரம் (உழுதவரின் பங்கு) இன்னொருவருக்கு. ‘சொத்துரிமை’ என்று ரெகுலேஷன் சொன்னது மேல்வாரத்தை மட்டுமே. ஜமீன்தார்கள் முழு நிலத்தையும் கோரினர். உழுதவனின் உரிமை ஜமீனுக்கு முந்தையது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1899இல் சீக்கட்டி ஜமீன் வழக்கில் ஏற்றது. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் அதை உறுதிசெய்தது. அதற்குள் நூறாண்டு கடந்திருந்தது.

1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து உழவரிடம் அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. சிவகிரி, ஊத்துமலை, வீரகேரளம்புதூர் ஆகிய ஊர்கள் இன்று, 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளன.