குறிப்பறிதல்

குறிப்பறிதல் என்பது, ஒருவர் வாய்திறந்து கூறாத உள்ளக்கருத்தை, அவருடைய முகம், கண் முதலியவற்றில் தோன்றும் வேறுபாடுகளை ஏதுவாகக் கொண்டு அனுமானத்தால் உணரும் அறிவுத்திறன். இப்பெயரால் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலின் 71ஆம் அதிகாரம், அரசனது குறிப்பை அமைச்சர் அறிதல் பற்றியதாகப் பரிமேலழகரால் உரைகாணப்பெற்று, நெஞ்சின் விருப்புவெறுப்புகளை முகம் பளிங்குபோலக் காட்டும் என்றும், பிறர் கருத்தை அளக்கும் கோல் கண்ணே என்றும் கூறுகின்றது. காமத்துப்பாலின் 110ஆம் அதிகாரமோ, தலைவியின் நோக்கிலும் அயலார்போன்ற சொல்லிலும் மறைந்துள்ள அன்பை ஆராய்கின்றது. உணர்வின் இத்தகைய புறவெளிப்பாட்டைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாடு என வழங்கி, நகை முதல் உவகை ஈறாக எட்டாக வகுத்துள்ளது. மேனாட்டில், சார்லஸ் டார்வின் 1872இல் மனிதர், விலங்குகள் ஆகியோரின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றித் தனிநூல் இயற்றினார். பிறர் மனத்தை ஊகித்தறியும் ஆற்றல் சிம்பன்சிக்கு உண்டோ என 1978இல் பிரிமாக், உட்ரஃப் ஆகிய இருவர் எழுப்பிய வினா, உளவியலில் விரிவான ஆராய்ச்சிக்கு வித்திட்டது.