காலந்தவறிய கடிதம்

கரியாலூரைச் சூழ்ந்த கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆளுகை 1976ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. ஒருவரது உழைப்பை மற்றொருவர் தம் உடைமையெனக் கருதிய காலம் நமக்கு வெகுதொலைவில் இல்லை.

செல்வமும் புகழும் பெற்ற விளையாட்டு வீரரின் நிலை மலைமக்களின் நிலையன்று. எனினும் அவ்வுலகிலும் இவ்வெண்ணம் ஆட்சி செய்தது. அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில், ஒப்பந்தம் முடிந்தபின்னும் வீரர் தம் அணிக்கே உரியவராயிருந்தார். 1969இல் தம்மைக் கேளாமல் வேறோர் அணிக்கு மாற்றியதைக் கர்ட் ஃபிளட் என்னும் வீரர் எதிர்த்தார்; 1972இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். ஆயினும் 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தக் காலம் கழிந்த வீரர் தாம் விரும்பிய அணியை நாடும் உரிமைக்கு வழி திறந்தது.

அன்றுமுதல் அணி மேலாளரின் பொறுப்பும் மாறிற்று. பிடித்துவைக்கும் அதிகாரம் போயிற்று; இருக்கும்படி கேட்கும் கடமை வந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி இதனை இழப்பின் வழியே கற்றது. 1980 டிசம்பர் 20க்குள் அனுப்பவேண்டிய ஒப்பந்தத்தைப் பொதுமேலாளர் ஹேவுட் சல்லிவன் இரு நாள் பிந்தி அனுப்பினார். அப்பகுதி மக்களின் அன்புக்குரிய கார்ல்டன் ஃபிஸ்க் விடுதலை பெற்றுச் சிகாகோ சென்று, 1993 வரை அங்கே ஆடினார்.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சியைக் கண்டோம். 2024 மே 26 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கோப்பையைக் கொல்கத்தாவுக்குப் பெற்றுத்தந்த தலைவர் ஷ்ரேயாஸ் ஐயர், அதே ஆண்டு நவம்பர் ஏலத்தில் 26.75 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணியை அடைந்தார். தக்கவைப்புக்கு இருதரப்பு இசைவும் வேண்டுமென்றார் கொல்கத்தா நிர்வாகி வெங்கி மைசூர். உருப்படியான முயற்சி தம்மிடம் மேற்கொள்ளப்படவில்லை என்றார் வீரர். 2025இல் பஞ்சாப் இறுதியாட்டம் வரை சென்றது. கொல்கத்தா எட்டாமிடத்தில் நின்றது.

இருதரப்பில் எவர் கூற்று முழுமையானது என்று தீர்ப்பிடுவது நம் பணியன்று. வீரர் பொருளை நாடிச் செல்லலாம். அது அவரது உரிமை. அதற்காக மேலாளரைப் பழித்தல் தகாது. ஆனால் 'நீர் எமக்கு வேண்டும்' என்னும் சொல்லை உரிய காலத்தில் சொல்லாமை, சந்தையின் குற்றமும் அன்று, சட்டத்தின் குற்றமும் அன்று. ஃபிஸ்க்கின் பிரிவுக்கு விலையன்று, அந்த இரண்டு நாள்களே வழிவிட்டன என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.