காசுக்கேற்ற காமிரா வில்லை

ஓசூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் ராயக்கோட்டை வரும். ஊரை ஒட்டி ஒரு பாறைக் குன்று. அதன்மேல் ஒரு பழங்கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791ஆம் ஆண்டில், இக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு 66 ஆண்டுகளுக்குப் பின், 1857 டிசம்பரில், பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஒரு கேப்டன் பெரிய காமிராவும் இரசாயனப் பொருள்களுமாக இவ்வழியே வந்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்திருந்தது. ராயக்கோட்டை அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு அவர் எடுத்த படங்கள், அம்மாவட்டத்தின் பிற இடங்களின் படங்களோடு சேர்ந்து, 1858இல் ஒரு தொகுதியாக வெளிவந்தன. இன்றும் அவை அருங்காட்சியகங்களில் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சில நாட்களுக்கு முன் என் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். படிப்புக்கு இடையே ஓசூர் சிப்காட் பகுதியில் வேலை செய்து பணம் சேர்த்திருந்தார். "சார், எஃப்/1.8 லென்ஸ் வாங்கட்டுமா, கடன் வாங்கியாவது எஃப்/1.4 வாங்கட்டுமா?" என்பது அவருடைய கேள்வி. இரண்டிற்கும் இடையிலான விலை வேறுபாடு அவருக்குப் பல மாதச் சம்பளம். இக்கேள்விக்கு விடை கடைக்காரரிடம் இல்லை. வில்லையின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

சிறு துளையின் சிறப்பு

பள்ளியில் குவிவில்லையைக் கொண்டு சுவரில் பிம்பம் விழச் செய்திருப்பீர்கள். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் அது இருந்திருக்கும். வில்லையின் விளிம்பு வழியே செல்லும் கதிர்களும் நடுவே செல்லும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். நீல ஒளியும் சிவப்பு ஒளியும் வெவ்வேறு தூரங்களில் குவிவது நிறப் பிறழ்ச்சி. தட்டையான பொருளின் பிம்பம் கிண்ணம் போல் வளைந்து விழுவது புல வளைவு. இப்படி இன்னும் சில குற்றங்களும் உண்டு.

இக்குற்றங்களைக் குறைக்க மிக மலிவான வழி, வில்லைக்கு முன் ஒரு சிறு துளையிட்ட தகட்டை வைப்பதே. துளையின் விட்டம் பாதியானால், கோளப் பிறழ்ச்சியால் உண்டாகும் மங்கல் வட்டம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1812இல் இங்கிலாந்தின் உல்லாஸ்டன் பிறை வடிவ வில்லை ஒன்றையும் ஒரு துளையையும் தக்க இடைவெளியில் வைத்து, ஓரம் வரை ஓரளவு தெளிவான பிம்பத்தைப் பெற்றார். 1839இல் ஒளிப்படக்கலை பிறந்தபோது, பாரிசின் செவாலியே கிரௌன் கண்ணாடியையும் ஃபிளின்ட் கண்ணாடியையும் ஒட்டி, நிறப் பிறழ்ச்சி குறைந்த வில்லையைச் செய்து கொடுத்தார்.

இங்கே எஃப்-எண்ணின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே அது. எண் சிறிதானால் துளை பெரிது. உள்ளே வரும் ஒளி அந்த எண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். தொடக்ககால நிலக்காட்சி வில்லைகள் சுமார் எஃப்/15 அளவினவே. அதையும் இன்னும் சிறிய துளையால் குறுக்கிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரு படத்திற்கு நிமிடக் கணக்கில் ஒளி காட்ட வேண்டியிருந்தது. ஆனால் கோட்டை எங்கும் ஓடிவிடாது அல்லவா? முக்காலியும் பொறுமையும் இருந்தால் போதும்.

டிரைப்பிற்குத் துணை நின்ற மற்றொன்று, படத்தின் அளவு. மெழுகிட்ட காகிதத்தில் ஏறக்குறைய 12 அங்குலத்திற்கு 15 அங்குல அளவில் அவர் எதிர்ப்படம் எடுத்தார். அதை மற்றொரு தாளோடு ஒட்டி வைத்து, வெயிலில் அதே அளவில் படி எடுத்தார், பெருக்கவில்லை. மிகச் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும். இதை விளிம்பு விளைவு என்போம். எஃப்/32இல் ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 0.04 மில்லிமீட்டர் அகல வட்டமாகும். நம் கண் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் வரையில்தான் பிரித்தறியும். ஆகவே அந்த மங்கல் அவர் படத்தில் தெரிய வழியே இல்லை. எளிய வில்லை, சிறு துளை, பெரிய படம்: இதுவே குறைந்த செலவில் கூர்மை பெறும் முதல் சூத்திரம்.

ஆயினும் படம் எடுப்பது வில்லையோடு முடிவதில்லை. ஆட்கள், தாள், இரசாயனம், போக்குவரத்து என்று செலவு வளர்ந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இது அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்த ஆணையிட்டார். 1860இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. வரவுக்கு மீறிய செலவு, அரசின் காமிராவையும் மூடவைத்துவிட்டது!

வேகத்தின் விலை

மலை அசையாது, மனிதர் அசைவர். முகத்தைப் படம் எடுக்க அதிக ஒளி தரும் வில்லை வேண்டும். 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் அதை வகுத்தார். கதிர்களின் பாதையைக் கணக்கிட, பீரங்கிப் படையிலிருந்து கணக்கறிந்த வீரர்கள் அவருக்கு உதவியாகக் கொடுக்கப்பட்டனர். அவரது வில்லை சுமார் எஃப்/3.6 அளவினது. எஃப்/15 வில்லையைவிட 17 மடங்கு ஒளியை அது தந்தது. ஆனால் நடுப்பகுதிதான் கூர்மை, ஓரம் மங்கல். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, கண்ணாடி. 1884இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷாட் தம் கூட்டாளிகளுடன் தொடங்கிய ஆலை, பேரியம் முதலியவை கலந்த புதுவகைக் கண்ணாடிகளை அளித்தது. இரண்டாவது, சிக்கனமான வடிவம். 1893இல், தொலைநோக்கி செய்யும் யார்க் நகர நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த டென்னிஸ் டெய்லர், மூன்றே கண்ணாடிகளால் முக்கியப் பிறழ்ச்சிகள் அனைத்தையும் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். இரு குவிவில்லைகள், நடுவில் ஒரு குழிவில்லை, அவ்வளவே. கூக் மும்மை எனப்படும் இவ்வடிவம், பின்னாளில் உலகெங்கும் நடுத்தர விலைக் காமிராக்களில் இடம்பெற்றது. 1902இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் நான்கு கண்ணாடிகளைக் கொண்ட டெசார் வில்லையை அமைத்தார்.

அதே ருடால்ஃப் 1896இலேயே ஆறு கண்ணாடிகள் கொண்ட பிளானார் என்னும் வில்லையை வகுத்திருந்தார். அது டெசாரைவிடத் துளை பெரிதாக்க இடம் தந்தது. ஆனால் ஒரு தொல்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். எட்டுப் பரப்புகளைக் கடந்தால் 72 சதவீதமே மிஞ்சும். திரும்பிய ஒளி படத்தின் மேல் வெண்திரை போல் படியும். இதற்குரிய தீர்வின் குறிப்பையும் டெய்லரே 1890களில் கண்டார். பழகி நிறம் மங்கிய வில்லைகள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்தின! 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, மெல்லிய படலம் பூசி இப்பிரதிபலிப்பை வேண்டுமென்றே குறைக்கும் முறையை உருவாக்கினார். அதன் பிறகே ஆறு கண்ணாடி வில்லை உலகை ஆண்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 வில்லைகளில் பல அதன் வழித்தோன்றல்களே.

இதற்கிடையே 1925இல் லைக்கா காமிரா வந்தது. அதன் படச் சட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர்தான். டிரைப் எடுத்த அளவில் அதிலிருந்து படம் வேண்டுமானால் பத்து மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். அப்போது வில்லையின் குற்றமும் பத்து மடங்காகும். எனவே படம் சிறிதாகச் சிறிதாக, வில்லை நேர்த்தியாக வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III காமிராவைப் பெரியோர் நினைவில் வைத்திருப்பார்கள். எளிய வில்லைதான், ஆனால் 120 சுருளில் 6க்கு 6 சென்டிமீட்டர் படம் விழும். வீட்டுச் சுவரில் தொங்கும் பல குடும்பப் படங்கள் அதில் எடுத்தவையே. பெரிய படம் எளிய வில்லையின் குறையை மறைத்தது.

உங்கள் பணத்திற்கு எது?

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். எஃப்/1.8இலிருந்து எஃப்/1.4க்குப் போனால் கிடைக்கும் ஒளி 1.65 மடங்கு. ஆனால் 50 மில்லிமீட்டர் வில்லையின் துளை சுமார் 28 மில்லிமீட்டரிலிருந்து 36 மில்லிமீட்டராகிறது. கோளப் பிறழ்ச்சி இரு மடங்குக்கு மேலாகிறது. அதைத் திருத்தக் கூடுதல் கண்ணாடி, கூடுதல் உழைப்பு. ஆகவே விலை ஏறுகிறது. ஆனால் இன்றைய காமிராவில் உணர்வெண்ணை 400இலிருந்து 640க்கு மாற்றினால் அதே ஒளி ஈடாகிவிடும். வெளியே நல்ல வெளிச்சத்தில் எஃப்/8இல் எடுக்கும்போது இரு வில்லைகளுக்கும் வேறுபாடு காண்பது அரிது. கடன் வாங்க வேண்டாம் என்றேன்.

அதற்காக விலையுயர்ந்தவை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். தளி, அஞ்செட்டிப் பக்கம் அந்தி நேரத்தில் யானைகளைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டே போகக் கூடாது. ஆகவே 300 மில்லிமீட்டராவது வேண்டும். எஃப்/5.6 என்றால் துளை 54 மில்லிமீட்டர், எஃப்/2.8 என்றால் 107 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குற்றமின்றிச் செய்யும்போது விலை மலைபோல் ஏறுவதில் வியப்பில்லை. அசையும் பொருள், மங்கிய ஒளி ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பணத்திற்குப் பயன் உண்டு. அத்தகைய படத்தை ஆண்டுக்கு இரு முறை மட்டும் எடுப்பவர் வாடகைக்கு எடுப்பது நலம்.

பழைய வில்லைகளும் ஏழைக்கு நண்பர்களே. ஆனால் ஓர் அளவைக் கவனியுங்கள்: வில்லை பொருந்தும் வளையத்திலிருந்து உணரி வரையுள்ள தூரம். எம்42 திருகு வில்லைகளுக்கு அது 45.46 மில்லிமீட்டர். சோவியத் நாட்டின் ஹீலியோஸ்-44 வில்லைகள் பல இவ்வகையின. கேனான் ஈ.எஃப் காமிராவில் அத்தூரம் 44; சோனி ஈ வகையில் 18. ஆகவே இவற்றில் ஓர் இடைவளையம் போட்டுப் பழைய வில்லையை மாட்டலாம். நிகான் எஃப் வகையிலோ 46.5, அங்கே வெறும் வளையத்தை மாட்டினால் தொலைவிலுள்ள மலை தெளிவாக விழாது.

பழைய வில்லையை வாங்குமுன் பின்புறமிருந்து டார்ச் விளக்கடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். துளை இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் சிறு கீறல் பெரிதும் கெடுக்காது. பின் கண்ணாடியில் கீறல் கெடுக்கும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, முழுத் துளையிலும் எஃப்/8இலும் படம் எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கக்கூடும். இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும்.

என் மாணவர் எஃப்/1.8 வில்லையையே வாங்கினார். மிஞ்சிய பணத்தில் ஒரு முக்காலியும் வாங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ராயக்கோட்டைக் குன்றை எஃப்/8இல் படம் எடுத்து வந்து காட்டினார். கோட்டைச் சுவரின் கற்களை எண்ணலாம் போல் இருந்தது. டிரைப்பின் காமிராவை வெல்ல வேண்டியதில்லை, வாசகர்களே. அவருடைய பொறுமையைக் கற்றுக்கொண்டால் போதும். அதற்குக் காசு வேண்டாம்.