தோள் துவக்கும் இடுப்புத் துவக்கும்

சட்டைக்குள் மறைத்து அன்றாடம் கொண்டு திரிவதற்கு எந்தக் கைத்துப்பாக்கி உகந்தது, அதன் குழல் எத்தனை அங்குலம் இருக்கலாம், பாரம் எவ்வளவு, குனிந்து நிமிரும்போது துணிக்கு மேலே அதன் உருவம் தெரியுமா தெரியாதா என்றெல்லாம் நிதானமாக ஆராய்ந்து, செருப்பு வாங்குவதுபோல ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க தேசத்தில் மிகச் சாதாரணமானது. இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பெருநிலத்து மனிதனுக்கோ இந்த ஆராய்ச்சி மிக அண்மைக் காலம் வரையில் விளங்கியே இராது. துவக்கு என்பது அவனுக்கு ஏறக்குறைய ஆள் நெஞ்சளவு நீளமானது, தோளிற் கிடப்பது, ஊரார் எல்லாரும் காணும்படி வயலுக்கும் காட்டுக்கும் கொண்டு போகப்படுவது. அதை ஒளித்துக்கொண்டு போக ஒருவன் விரும்பினாலும் ஒளிப்பதற்கு இடமில்லை. அந்தத் தோள் துவக்கு இடுப்புக்கு இறங்கி மறைந்த சரித்திரம் நீண்டதன்று. ஆயினும் அதற்கு முன்னுள்ள நீண்ட கதையை அறிந்தாலன்றி அந்த இறக்கத்தின் தன்மை புலப்படாது.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658 ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலத்தில் வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகளிடமிருந்து அவர்கள் திறையாக எதிர்பார்த்தது யானைகளை. அந்த யானைகள் உயிரோடு பிடிக்கப்பட்டு, ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. உயிருள்ள யானைக்கே விலை உண்டு என்ற நிலையில் அதன்மேல் வெடி வைப்பது அரசுக்கும் நட்டம், வன்னியனுக்கும் நட்டம். ஆகவே அக்காலத்து யானை பிடிப்போருக்குக் கயிறும் கண்ணியும் மந்தையை வளைக்கும் ஆட்பலமுமே முதன்மையான சாதனங்களாயிருந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வன்னியின் மிகப் பெயர்பெற்ற ஆயுதச் சம்பவம் நிகழ்ந்தது. 1803 ஓகஸ்ட் 25 ஆம் திகதி வன்னிச் சிற்றரசனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த படையைக் கடல் வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓடச் செய்து, பீரங்கிகளையும் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அதைக் குறிக்க நடப்பட்ட கல்லைப் பிற்காலத்தில் வன்னி மக்கள் தோல்வியின் சின்னமாகக் கொள்ளாமல் வன்னியனுடைய நினைவுக் கல்லாகவே போற்றி வந்தார்கள். இந்த வீர வரலாறு பலரும் எழுதியதாகையால் நான் அதில் தங்க விரும்பவில்லை. சாதாரண குடியானவனுடைய வீட்டுக்குள் துவக்கு எவ்வாறு புகுந்தது என்பதே என் அக்கறை. அதற்குப் பீரங்கியை விட்டுப் பழையபடி யானையிடமே திரும்பவேண்டும்.

ஒல்லாந்தர் விலை கொடுத்த யானைக்கு ஆங்கிலேயர் வேறொரு விலை வைத்தார்கள். பயிரை அழிக்கும் பிராணி என்று அதனைக் கருதி, கொன்றால் வெகுமதி என்று அரசாங்கம் அறிவித்தது. 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகள்கூட நிரம்பாத காலத்தில் வட மாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று சேர் எமேர்சன் டெனன்ட் 1859 இல் வெளியான தமது இலங்கை நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு தலைக்குச் சில சிலிங் என்ற அற்பமான கூலிக்கு இத்தனை உயிர்கள் போயின என்றால், வட மாகாணத்துக் காட்டில் அந்நாளிலேயே எத்தனை துவக்குகள் புழங்கியிருக்கவேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். முன்பு யானையை உயிரோடு கேட்ட அதே இராசாங்க பீடம் பின்பு அதனைப் பிணமாகக் கேட்டபோது, கயிற்றின் மதிப்பு இறங்கி வெடிமருந்தின் மதிப்பு ஏறியது என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் துவக்குகளிற் பெரும்பாலானவை வாய்வழியே மருந்திட்டு இடித்து நிரப்பும் இடியன் துவக்குகள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த மருந்தைக் குழலுக்குள் அளவாக இட்டு, தேங்காய்த் தும்பை உருட்டி அதன்மேல் வைத்து, இடிகோலால் நிதானமாக இடித்து, சன்னத்தைப் போட்டு, அது உருண்டு வெளியே வாராதபடி மறுபடியும் தும்பு அடைத்து, இறுதியாகக் குதிரைக்கு அடியில் உள்ள முலைக்குக் கேப்பு மாட்டியபின்பே அது வெடிக்கத்தக்கது. இவ்வளவும் செய்து ஒரே ஒரு வெடி. அது தவறினால் மறு வெடிக்கு இடிக்கத் தொடங்கும்போது பன்றி அடுத்த குளத்தைத் தாண்டியிருக்கும். வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் மாரியில் மருந்து ஈரித்துப்போவதும் உண்டு. காவற்கொட்டிலில் தீ மூட்டியிருப்பவன் தன்னைக் காய்ச்சிக்கொள்வதோடு மருந்துக் குடுவையையும் சூடு தட்டாத தூரத்தில் உலர வைத்திருக்கவேண்டும். ஒரு வெடியில் மரையையோ மானையோ விழுத்தக்கூடிய வெடிகாரனுக்கு ஊரில் மதிப்பிருந்தது; அவனுடைய பங்கு இறைச்சியைப் பற்றி எவரும் முறுமுறுப்பதில்லை.

கைத்துவக்கு இத்தகைய வாழ்வில் எதற்கு உதவும்? பரணில் இருப்பவனுக்குத் தூரம் வேண்டும், கனத்த தோலை ஊடுருவும் வலு வேண்டும். குட்டைக் குழலுக்கு இரண்டும் இல்லை. காட்டுக்குப் போகிறவன் கையிற் காட்டுக்கத்தி, தோளிற் கோடாலி, மடியில் வெற்றிலையும் சுருட்டும் என்றே புறப்பட்டான்; அந்த மடியில் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே வண்டி கட்டிப் போன பிரயாணிகள், 1905 இல் இரயில் ஓடத் தொடங்கும் வரையிற் கரடிக்கும் யானைக்கும் அஞ்சிக் கூட்டங் கூட்டமாகச் சென்றார்கள். வழியோரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதே அவர்கள் அறிந்த வழிக்காவல். இன்றும் அவ்விடத்தில் வாகனத்தை நிறுத்தாமற் போகும் சாரதியைக் காண்பது அரிது.

வன்னிக் குடியானவன் அந்நாளிற் கைத்துவக்கைக் கண்டிருந்தால், அது அதிகாரியின் இடுப்பிற் கண்டதாகவே இருக்கும். பிரித்தானிய இராணுவம் 1887 இல் ஏற்றுக்கொண்ட வெப்ளி ரிவோல்வர், ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளது, இடுப்பு வாரில் உறையிட்டு அணியப்படுவது. குடியானவனுடைய பார்வையில் அது ஆயுதம் என்பதிலும் பார்க்கத் தொப்பியையும் சப்பாத்தையும் போன்ற உத்தியோக அடையாளமாகவே இருந்திருக்கும். அந்த நாளில் அதை அணிந்தவர்களும் மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதிகாரத்துக்கு அது தெரியவேண்டியிருந்தது.

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தபின்பு துவக்கு மேலும் பகிரங்கமான பொருளாயிற்று. அதன் பிரகாரம் துவக்கு வைத்திருப்பவன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், அது ஆண்டு முடிவில், டிசெம்பர் 31 ஆம் திகதியோடு, காலாவதியாகும், மறுபடி புதுப்பிக்கவேண்டும். கிராமத் தலைமைக்காரரான விதானையார் அறியாமல், மாவட்ட அலுவலகமான கச்சேரி அறியாமல் துவக்கு இல்லை. இன்னாரிடம் ஒற்றைக்குழல், இன்னாரிடம் இரட்டைக்குழல் என்பது ஊருக்கு மனப்பாடம். இரணைமடுக் குளம் 1920 அளவிற் கட்டிமுடிக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் பின்னர் வட்டக்கச்சி, முத்தையன்கட்டு போன்ற இடங்களிலும் குடியேற்றங்கள் பெருகியபோது, காடு வெட்டிய கமக்காரருக்குப் பன்றியிடமிருந்து நெல்லைக் காக்கும் தேவையும் பெருகியது. பன்னிரண்டு போர் (bore) துவக்குக்கு மவுசு ஏறியது. துவக்கைத் தெரிந்தெடுக்கும் கலை என்று வன்னியில் ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்: ஒற்றைக்குழல் மலிவு, இலேசு, பழுது குறைவு, இரட்டைக்குழலோ முதல் வெடி பிழைத்தாலும் கையில் மறு வெடி உண்டு. தோட்டாவிலும் தெரிவு உண்டு. பன்றிக்கும் மரைக்கும் எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற பெருஞ்சன்னம், காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் சிறுசன்னம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கு வரம்பு விதித்ததை அறிந்தவரும் அறியாதவரும் மான் இறைச்சியை வற்றல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இந்தப் பகிரங்கத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிருகம் நடக்கும் தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, பற்றைக்குள் மறைத்து வைக்கும் கட்டுத்துவக்குக்கு ஆள் இல்லை, கண் இல்லை. பன்றியின் நெஞ்சுக்கு வைத்த குறி மனிதனுடைய முழங்காலுக்குச் சரியாக வரும். விறகுக்கும் தேனுக்கும் போய்க் காலிழந்தவர்கள் காட்டோரக் கிராமங்களில் அக்காலத்திலும் இருந்தார்கள், இக்காலத்திலும் இருக்கிறார்கள். மறைக்கப்பட்ட ஆயுதத்தின் கொடுமையை வன்னி முதன்முதலில் அறிந்தது கைத்துவக்கினால் அன்று, இதனாலேதான்.

கைத்துவக்கின் மறைவு இலங்கைக்கு என்ன செய்யும் என்பதை நாடு முழுவதும் கண்ட நாள் 1959 செப்டெம்பர் 25. கொழும்பு றோஸ்மீட் பிளேஸில் உள்ள இல்லத்தில், பிரதமர் பண்டாரநாயக்கவைக் காண வந்த பிக்கு ஒருவர் மறைத்துக் கொண்டுவந்த ரிவோல்வரால் அவரைச் சுட்டார். பிரதமர் மறுநாள் இறந்தார். தோள் துவக்கோடு ஒருவர் அந்த விறாந்தையில் ஏறியிருக்க முடியாது. வடக்கில் இதே முறை 1975 ஜூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராசப்பெருமாள் கோயில் முன்றலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவின் கொலையோடு வந்தது. அதன்பின் ஆயுதமேந்திய தமிழ் இளைஞர் இயக்கங்கள் பெருகப் பெருக, பயிற்சிக்கும் பதுங்குவதற்கும் அவை தேடி வந்த இடம் வன்னிக் காடு. பன்றிக்குப் பயனில்லை என்று கமக்காரன் பொருட்படுத்தாத குட்டைக் குழல், அவர்களுக்கு அதன் குட்டைத்தனத்துக்காகவே அரிய பொருளாயிற்று. சாரத்துக்குள் இடுப்பிற் செருகி, சைக்கிளில் ஏறி, சந்தைக் கூட்டத்துக்குள் கலந்துபோகலாம். தூரம் வேண்டாம், குறிக்கப்பட்ட மனிதன் சில அடி தூரத்தில் நிற்பான். அவர்களை ஒடுக்க 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1980 களின் முற்பகுதியில் கமக்காரருடைய துவக்குகளை இயக்கங்கள் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போயின. தலைமுறையாகப் பரணிலும் வயலிலும் இருந்த தோள் துவக்கின் கதை அநேகமாக அதோடு முடிந்தது. பன்றிகளுக்கு அது நல்ல காலம்.

பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளின் போர்ச் சரித்திரம் வேறு பலர் எழுதியிருப்பது. இங்கே எமக்கு வேண்டியது சிறிது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிக்குள் பொறுப்பாளரின் இடுப்பிற் பிஸ்டல் வெளிப்படையாகத் தொங்கியது. வெப்ளி அணிந்த பழைய அதிகாரியின் இடுப்பைப்போலவே அதுவும் பதவியைச் சொல்லியது. வவுனியா நகரிலோ கதை வேறு. இராணுவக் காவலரண்களும் பிரயாண அனுமதிக்கான பாஸ் நடைமுறையும் ஓமந்தைச் சோதனைச்சாவடியும் சூழ்ந்த அந்த ஊரில், ஒவ்வொரு பிரயாணியின் இடுப்பையும் கையால் தடவிப் பார்த்த பின்னரும், மோட்டார் சைக்கிளில் வந்து அருகில் நின்று சுட்டுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். மறுநாட் பத்திரிகை அவர்களை இனந்தெரியாத ஆயுததாரிகள் என்று எழுதும். எந்தத் தரப்பின் இடுப்பிலிருந்து அந்தக் குண்டு வந்தது என்று கேட்கத் துணிந்தவர் சிலர். துவக்கின் சொந்தக்காரனை ஊர் முழுவதும் அறிந்திருந்த ஒரு பிரதேசத்தில், சுட்டவன் யார் என்பதை அறிந்தாலும் சொல்லக்கூடாது என்ற நிலை இரண்டு தலைமுறைக்குள் வந்தது. போர் வன்னிக்குச் செய்த மாற்றங்களுள் இது சிறியதென்று நான் எண்ணவில்லை.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின்னர் மீளக் குடியேறியவர்கள் காடாகிப்போன வயலைத் திருத்தியபோது, யானையும் பன்றியும் குரங்கும் தமக்கு முன்பே குடியேறியிருக்கக் கண்டார்கள். யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி உண்டு. அது சத்தம் மாத்திரம். பன்றிக்கு மின்சார வேலி போட வசதியுள்ளவர் போடுகிறார். வசதியில்லாதவர் இரவு முழுவதும் தகரம் தட்டுகிறார். பொறுமையிழந்தவர் கட்டுத்துவக்கு வைத்து அயலவனுடைய காலை எடுக்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு பன்னிரண்டு போர் துவக்கு வைத்திருக்க விரும்பும் கமக்காரன் கிராம அலுவலர், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று ஏறி இறங்கவேண்டும்; அவன் பிறந்த மாவட்டத்தின் பெயரைக் கண்டதும் கோவை மெதுவாக நகரும் என்பது அவர்களிடையே உள்ள பேச்சு. இதற்கிடையில், தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி பெற்றிருந்த பிரமுகர்களையும் மற்றவர்களையும் அவற்றை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 இன் இறுதியிற் பணித்தது. இடுப்பில் உள்ளதைக் கேட்டு வாங்கியது சரியே. அதே கையோடு, ஊரறியத் தோளிற் போட்டு வயலுக்குக் கொண்டுபோவதற்கு ஒன்றை விண்ணப்பித்திருக்கும் கமக்காரனுடைய கோவையையும் எடுத்துப் பார்க்கலாம். பெரும்போக நெல் குடலைப் பருவத்துக்கு வந்தபின் கொடுக்கும் அனுமதியால் அவனுக்கு அந்த ஆண்டு ஒரு பயனும் இல்லை.