காதால் படித்த பாடம்

நம்மில் பலர் சின்ன வயதில் கிராஅத் பழகியது கெசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான். 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய அந்தக் கெசட்டை, 1979இல் சோனியின் வோக்மேன் நடந்துகொண்டே கேட்கவைத்தது. 2001இல் ஐபாட் வந்தது.

2004இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தனது முதலாம் வருட மாணவர்கள் எல்லோருக்கும், 1,600 பேருக்கு மேல், ஐபாட் இலவசமாகக் கொடுத்தது. விரிவுரைகளைப் பதிவுசெய்யவும் வேற்றுமொழி கேட்டுப் பழகவும் அது உதவியது. ஆனால் அடுத்த வருடமே எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தி, அதைப் பயன்படுத்தும் பாடங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். கருவி வந்ததும் பாடம் தானாக வந்துவிடவில்லை.

இன்று பிள்ளைகளிடம் போனைக் கொடுப்பதா, பறிப்பதா என்று வாதாடுகிறோம். அதில் அவர்கள் கேட்பதற்கு ஆசிரியர்களாகிய நாங்கள் எந்தப் பாடத்தைப் பதிந்து கொடுத்தோம்?