இல்ஃபோர்ட் தந்த முந்திரிகைக் கொடி

ஹம்டன் கோர்ட் அரண்மனையின் பெரிய முந்திரிகைக் கொடியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1768இல் நட்டது, அடியின் சுற்றளவு 4 மீற்றர். அதன் தாய்க்கொடி நின்றது எங்கே தெரியுமா? நம்மவர் நிறைய வாழும் இல்ஃபோர்டில், வலன்ரைன்ஸ் மாளிகையில்! அங்கு 1758இல் நட்ட கொடியின் துண்டுதான் அரண்மனைக்குப் போனது. தாய் எப்போதோ பட்டுப்போனது. பிள்ளை இன்றும் காய்க்கிறது. கணக்காளன் கண்ணுக்கு நல்ல முதலீடு.

அந்தக் கறுப்புப் பழத்தில் விதையுண்டு. விதையில்லா இனங்களோ துண்டாலும் ஒட்டாலுமே பெருகும். யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் ‘இஸ்ரேல் புளூ’வை விட்டுவந்தோம், துண்டு வெட்ட யாருக்கு நேரமிருந்தது?

என் தெற்குச் சுவரில் நிற்பது ஹிம்றொட். 1952இல் நியூயோர்க் மாநிலத்தில் வெளியிட்ட விதையில்லா இனம், தேன் ருசி. மார்கழியில் வெட்டும் துண்டுகளை எறிய மனமில்லை. வேண்டியவர்கள் நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.